தோற்றவள் அடுக்க வேண்டும்

கோப்பையைக் கையில் வாங்கியபோது இருந்த சந்தோஷம், பேருந்தை விட்டு இறங்கி வீட்டுத் தெருவுக்குள் நுழைவதற்குள் பாதியாகிவிட்டது. சின்னவளுக்கு ஜெயித்த சேதியை ஓடிப்போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள், அவள் அக்கா, போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

வீட்டின் கீழ்த்தளம்தான் கடை. நடுவில் ஒரே ஒரு பூல் டேபிள், அதன் தலைக்கு மேல் ஒரு தொங்கு விளக்கு, சுவரோரம் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. அப்பா விட்டுவிட்டுப் போன சொத்து அவ்வளவுதான். அம்மா கடையை நடத்தினாளே தவிர ஆட்டத்தை அடியோடு வெறுத்தாள். "பொட்டப்பிள்ளைங்க ரெண்டும் குச்சியத் தூக்கிக்கிட்டு அலையுதுங்க, எவன் கட்டுவான்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவாள். பெரியவள் போன பிறகு அந்தப் புலம்பல் நின்றது. கூடவே சாப்பாடும் நின்றது. தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். பிறகு எழுந்து போய்க் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பாள்.

சின்னவள் ஷட்டரைத் தூக்கினாள். மழை வரப் பார்த்து நிற்கிற மதியம். உள்ளே கசகசவென்று புழுக்கமாக, இருட்டாக இருந்தது. மழையில் நனைந்த தலைமுடியின் வாடை வந்தது. அம்மா துணியை உள்ளே காயப்போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு விளக்கைப் போட்டாள்.

டேபிளின் மேல் பந்துகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

காலையில் அவள் கடைசியாகப் பழகிவிட்டு, பந்துகளைச் சிதறியபடியே விட்டுப் போயிருந்தாள். சாவி அவள் பையில்தான் இருந்தது. அம்மா மாடியில் படுத்திருப்பாள். அப்படியே இறங்கி வந்தாலும் பந்தைத் தொடமாட்டாள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் எல்லாப் பந்துகளையும் முக்கோணச் சட்டத்துக்குள் போட்டு, இடைவெளி இல்லாமல் நெருக்கி வைக்க வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து வெள்ளைப் பந்தால் அடித்து அதைக் கலைத்தால்தான் ஆட்டமே தொடங்கும். அந்தக் கடையில் யார் ஆடினாலும் விதி ஒன்றுதான். தோற்றவர் அடுக்க வேண்டும், ஜெயித்தவருக்கு முதல் அடி.

அடுக்கின் முனையில் சிவப்புப் பந்து இருந்தது. அதன் எண் நேராக மேலே பார்த்திருந்தது. அது பெரியவளின் பழக்கம். சின்னவள் எப்போதும் மஞ்சளைத்தான் முனையில் வைப்பாள். அதற்காக இருவரும் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

சின்னவள் கோப்பையை நாற்காலியில் வைத்தாள்.

பெரியவள் தோற்கத் தெரியாதவள். தங்கச்சிதானே, ஒரு ஆட்டம் போகட்டும் என்று விட்டுக்கொடுத்ததே இல்லை. சின்னவள் அவளை ஜெயித்தது வாழ்நாளிலேயே ஒரு தடவைதான். கடைசி நாள் அது. தலைக்குக் குளித்துவிட்டு முடியைக்கூடத் துவட்டாமல் வந்து ஆடிய பெரியவள், ஆட்டத்தை முடிக்கிற கறுப்புப் பந்தைச் சின்னவள் குழியில் போட்டதும் கோலைச் சுவரில் சாத்திவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

"தோத்தா அடுக்கணும்க்கா!"

"வந்து அடுக்குறேன், போடி!"

வெளியே அப்படி ஒரு மழை. தெருமுனை வளைவில் லாரி. ஊரே கூடித் தூக்கியபோது அவள் முடியில் மழைத்தண்ணீரும் டீசலும் சொட்டிக்கொண்டிருந்தன.

இப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா இறங்கி வந்தாள். கோப்பையை அவள் பார்க்கவே இல்லை. டேபிளின் பக்கத்தில் போய் நின்று, சிவப்புப் பந்தின் மேல் ஒரு விரலை வைத்தாள்.

"வந்திருக்காடி" என்றாள்.

அன்றைக்கு அம்மா வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் சின்னவள் ஒரு ஆட்டத்தில் தோற்றுவிட்டு வந்தாள். பந்துகள் சிதறியபடியே கிடந்தன. அம்மா டேபிளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மாலை வரை நின்றாள். பிறகு மாடிக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்கடுத்த போட்டியில் சின்னவள் ஜெயித்தாள். சிவப்பு முனையில் நின்றது.

அம்மாவுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது.

"நீ ஜெயிச்சா அவ வர்றாடி" என்று சின்னவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "போய் ஜெயிச்சிட்டு வா."

குச்சி என்று திட்டிய அம்மா, கோலை எண்ணெய் போட்டுத் துடைத்து உறையில் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அடுக்கு கலைந்துவிடக் கூடாதென்று அதன்மேல் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டு மூடினாள். சின்னவள் பழக வேண்டிய காலையில் மட்டும் அவளே பந்துகளைக் கையால் விலக்கிப் பரப்பிவிடுவாள். வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பினாள். மெக்கானிக் ஒருவர்தான் விடாப்பிடியாக வந்துகொண்டிருந்தார். பக்கத்துப் பட்டறைக்காரர், அப்பா காலத்திலிருந்து வருகிறவர். ஒருநாள் விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு டேபிளின் பச்சைத் துணியைத் தடவினார்.

"என்னக்கா, டேபிள் துணி ஈரமா கிடக்கு? ஒழுகுதா? இப்படி விட்டா பந்து சேத்துல எருமை போற மாதிரி போகும்."

"ஒழுகல" என்றாள் அம்மா. "மூடுங்க அதை."

சின்னவள் ஜெயித்துக்கொண்டே போனாள். நகரப் போட்டி முடிந்து, மாவட்டம் முடிந்து, மண்டலப் போட்டிக்குள் நுழைந்துவிட்டாள். பத்திரிகையில் படம் வந்தது. நடுவர்கள் எழுந்து நின்று கை கொடுத்தார்கள். மண்டலத்தை ஜெயித்துவிட்டால் தேசிய அணியில் இடம் நிச்சயம். சின்ன வயதிலிருந்து அவள் கண்ட கனவு அது. ஆனால் ஒவ்வொரு பந்து குழியில் விழும்போதும், வீட்டில் காத்திருப்பது இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருக்கும் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

கிட்டேதான் வந்தது. மாவட்டப் போட்டியில் ஜெயித்த அன்று பச்சைத் துணியில் ஈரக் கையின் தடம் பதிந்திருந்தது. சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. பெரியவளுக்குச் சின்னப் பிள்ளையில் கதவிடுக்கில் மாட்டிய விரல் அது. அம்மா குனிந்து அந்தத் தடத்தின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். அவளை எழுப்பிக் கூட்டிப்போகச் சின்னவள் படாத பாடு பட்டாள்.

மண்டல அரையிறுதியை ஜெயித்து வந்த அன்று, அம்மாவும் அவளும் ஒன்றாகத்தான் கடைக்குள் நுழைந்தார்கள்.

பந்துகள் சிதறிக் கிடந்தன. அம்மாவின் முகம் தொங்கிப்போனது.

அப்புறம் ஒரு பந்து உருண்டது.

இன்னொன்று.

முக்கோணச் சட்டம் துணியின் மேல் சர்ரென்று நகர்ந்து வந்தது. பந்துகள் ஒவ்வொன்றாக அதற்குள் போய் அடைந்தன. பின்வரிசையை ஏதோ நெருக்கித் தள்ளியது. டொக் டொக்கென்று பந்தோடு பந்து இடித்தது. துணியில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்துகொண்டிருந்தது. டீசல் வாடை மூக்கில் ஏறியது.

சட்டம் தானாக மேலே எழும்பி, ஓரத்தில் போய் உட்கார்ந்தது.

"அடி."

காதோரம் யாரோ தொண்டை அடைத்துப் பேசுவது போல ஒரு குரல்.

"அடி…"

"கூப்பிடுறாடி உன்னை" என்று அம்மா கிசுகிசுத்தாள். கண்ணில் தாரை தாரையாக நீர். "முதல் அடி உன்னுதுதானே. ஒரு ஆட்டம் ஆடேன் அவகூட."

"மாட்டேன்மா."

"என் கண்ணுல்ல…"

"மாட்டேன். அது அக்கா இல்லம்மா. அது அக்காவே இல்ல!"

கோலைத் துடைத்து உறையில் போட்டு மூடினாள். அம்மா வெகுநேரம் நின்றுவிட்டு வெள்ளை விரிப்பை எடுத்து வந்து மூடினாள். விரிப்புக்கு அடியிலிருந்து அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் சின்னவள் முடிவு செய்தாள். இறுதி ஆட்டத்தில் தோற்றுவிட வேண்டும். தேசிய அணி போனால் போகட்டும். தோற்றால் அது வராது. அம்மா அழுவாள், பட்டினி கிடப்பாள். ஊட்டிவிட்டால் நாளடைவில் தேறிவிடுவாள். இருக்கிற ஒருத்தியையாவது அம்மா திரும்பிப் பார்ப்பாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவள் ஒரு நர்ஸ். நன்றாகத்தான் ஆடினாள், சின்னவளுக்குச் சளைக்கவில்லை. ஆளுக்குச் சரிசமமாக ஆட்டங்கள் எடுத்து, கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றது. அதிலும் சின்னவள்தான் முன்னிலை. கறுப்புப் பந்தை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் போட வேண்டும்; முந்திப் போட்டால் அந்த இடத்திலேயே தோல்வி. இது அந்த அரங்கில் வேடிக்கை பார்க்க வந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அவள் குனிந்து, கறுப்பைக் குறி பார்த்து, நிதானமாக மூலைக் குழியில் போட்டாள்.

நர்ஸ் வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஏம்மா, என்ன ஆச்சு உனக்கு?"

சின்னவள் பழக்கதோஷத்தில் முக்கோணச் சட்டத்தை எடுக்கப் போனாள். நடுவர் தடுத்தார். "போட்டி முடிஞ்சிருச்சும்மா. அடுக்க வேண்டாம், நீங்க கிளம்புங்க."

அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் மழை. பேருந்தை விட்டு இறங்கித் தலைக்குமேல் பையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மனசு பஞ்சு போல லேசாக இருந்தது. தெருமுனை வளைவில் லாரியொன்று காதைக் கிழிக்கிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஒதுங்கிவிட்டதாகத்தான் நினைத்தாள்.

கடையின் ஷட்டர் திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. பேச்சுச் சத்தம் கேட்டது.

"அம்மா" என்றாள் வாசலில் நின்று. "தோத்துட்டேன்மா."

யாரும் திரும்பவில்லை.

அம்மா டேபிளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெக்கானிக் பிளாஸ்டிக் நாற்காலியில் கையில் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். பெரிய கோப்பை, மண்டலக் கோப்பை. டேபிளின் அந்தப் பக்கம் கோலை ஊன்றிக்கொண்டு பெரியவள் நின்றாள். அவள் முடி நன்றாகக் காய்ந்து, பின்னிப் போட்டிருந்தது.

"மண்டலத்தையே கவுத்துட்ட பெரியவளே!" என்றார் மெக்கானிக். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "உன் தங்கச்சி இருந்திருந்தா தலைகால் புரியாம குதிச்சிருப்பா. அந்த வளைவுல அன்னிக்கு அந்த லாரி மட்டும் வராம இருந்திருந்தா…"

"இங்கதான் இருக்கேன்!" என்று சின்னவள் கத்தினாள். "மாமா, இங்க பாருங்க! அம்மா!"

அவள் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது. முடியிலிருந்து ஏதோ சொட்டியது. தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுவென்று இருந்தது, டீசல் வாடை அடித்தது.

டேபிளின் மேல் பந்துகள் சிதறிக் கிடந்தன.

கால்கள் அவளைக் கேட்காமல் அங்கே போயின. கைகள் அவளைக் கேட்காமல் பந்துகளைக் கூட்டின. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. முக்கோணச் சட்டம் துணியின் மேல் நகர்ந்தது. மெக்கானிக் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கோப்பை கீழே விழுந்து உருண்டது. அவர் திரும்பிப் பார்க்காமல் மழைக்குள் ஓடினார்.

அடுக்கி முடித்தாள். முனையில் மஞ்சள் நின்றது.

"மஞ்சள்!" அம்மாவின் குரல் உடைந்தது. "வந்திருக்காடி. என் சின்னக்குட்டி வந்திருக்கா!"

அம்மா குனிந்து, துணியில் பதிந்திருந்த ஈரக் கைத்தடத்தின் மேல் கன்னத்தை வைத்தாள். சின்னவளின் உள்ளங்கையில் அந்தச் சூடு தெரிந்தது. எத்தனை காலமாக ஏங்கிய சூடு அது.

"நீ ஜெயிச்சா அவ வர்றாடி" என்று அம்மா பெரியவளிடம் சொன்னாள். "அடுத்ததையும் போய் ஜெயிச்சிட்டு வா."

இப்போது தோற்றவள் சின்னவள்; அக்கா இருந்த இடத்துக்கு இவளும், இவள் இருந்த இடத்துக்கு அக்காவும் மாறிவிட்டார்கள். முதல் அடி பெரியவளுடையது. அவள் அடித்தால் ஆட்டம் தொடங்கும். ஆட்டம் தொடங்கினால் ஒருவேளை ஜெயிக்கலாம். ஜெயித்தால் திரும்பி வரலாம். விரிப்புக்கு அடியில் கிடந்து அக்கா கெஞ்சியது எதற்கென்று சின்னவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தொண்டையை அடைத்துக்கொண்டு வந்ததில் ஒரே ஒரு சொல்தான் வெளியே வந்தது.

"அடி…"

பெரியவளின் கண்கள் அவள் நிற்கும் இடத்துக்கு நேராக வந்தன. வந்த வேகத்தில் விலகின.

"அது தங்கச்சி இல்லம்மா" என்றாள். "அது அவளே இல்ல."

"அடிக்கா… ஒரே ஒரு அடி…"

பெரியவள் கோலைத் துடைத்து உறையில் போட்டு மூடினாள். அம்மா வெகுநேரம் நின்றாள். பிறகு உள்ளே போய் வெள்ளை விரிப்பை எடுத்து வந்தாள்.