நாற்பத்திரண்டாவது பதிவு

அந்த வீட்டுக்கு நான் போனது பட்டப்பகலில், மதியம் இரண்டு மணி வெயிலில். மழை இல்லை, இடி இல்லை, எந்த நாயும் ஊளையிடவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே போனேன். பேய் என்றால் நடுநிசியில்தான் வரும் என்று நம்புகிறவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். பதினான்கு வருடமாகிறது. கடையில் உட்கார்ந்து போன் எடுப்பது என் மனைவியின் தம்பி, வீடு வீடாக அலைவது நான். போன் செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். நான் எதையும் தொடவே இல்லை, அதுவாகவே போய்விட்டது என்பார்கள். போய்ப் பார்த்தால் கீபோர்டில் காபி கொட்டியிருக்கும். ஆனால் அன்று போன் செய்த அம்மாள் அப்படிச் சொல்லவில்லையாம். மச்சான் எனக்கு விவரம் சொன்னான்: "மாமா, பொட்டி போனா போகட்டும், உள்ள இருக்கறது மட்டும் வேணும்கறாங்க. கொஞ்சம் பாத்து பண்ணுங்க."

சந்தின் கடைசி வீடு. பழைய கட்டடம், உயரமான கூரை. மாடிக்குப் போகும் மரப்படிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முனகின. கதவைத் திறந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கைகளில் நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. வீட்டிலேயே துணி தைப்பவர். என்னை மாடியின் பின்னறைக்கு அழைத்துப் போனார்.

ஒரு கட்டில், ஒரு மேசை, மேசையில் கம்ப்யூட்டர். அதற்கு அளவெடுத்துத் தைத்த துணி உறை போட்டிருந்தார். உறையை அவர் கழற்றியபோது ஒரு பொடி தூசு பறக்கவில்லை. அந்த அறையில் மட்டும் காற்று நின்றுபோயிருந்தது. ஜன்னல் திறந்திருந்தும் திரை அசையவில்லை.

அது அவருடைய மகளின் அறை. நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த பெண். இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சல் வந்து, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, போய்விட்டாள். அம்மாள் இதை அழாமல் சொன்னார். யாருக்கோ சட்டை அளவு சொல்வதைப் போலச் சொன்னார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. பாடத்தைத் தானே சத்தமாகப் படித்துப் பதிவு செய்துகொள்வாள், பிறகு அதைக் கேட்டே மனப்பாடம் செய்வாள். அப்படி நாற்பத்தொரு பதிவுகள். அவள் போன பிறகு அம்மாள் தினமும் மத்தியானம் அவற்றை ஓடவிட்டுத்தான் தைக்க உட்காருவாராம். ஒரு வாரமாகக் கம்ப்யூட்டர் எழவில்லை. பட்டனை அமுக்கினால் கூவுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. வேறு எதிலாவது ஒரு காப்பி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இதில் மட்டும்தான் என்றார்.

கூவுவதெல்லாம் பெரிய நோய் இல்லை. பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன், ராம் என்கிற மெமரி அட்டையை உருவினேன், அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தேன். எங்கள் தொழிலில் பாதி வியாதிக்கு இதுதான் மருந்து. திரும்பச் செருகி பட்டனைத் தட்டியதும் திரையில் வெளிச்சம் வந்தது. அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த நாற்பத்தொன்றில் ஒன்றை ஓடவிட்டேன். தெளிவான, கொஞ்சம் மூக்கடைத்த குரல். "மனித உடலில் உள்ள எலும்புகள் மொத்தம் இருநூற்று ஆறு..." நடுவில் நிறுத்தி, "அம்மா, தண்ணி கொடேன்" என்று கத்துகிறாள், பிறகு முழங்கை எலும்பிலிருந்து தொடர்கிறாள். நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாளின் உதடுகள் அந்தக் குரலோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன. எலும்பின் பெயர் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை.

ஆனால் பாடத்துக்கிடையே வேறொரு சத்தமும் கேட்டது. கிர்ர்ர் என்று இழுத்து, டக் என்று நிற்கும். ஹார்ட் டிஸ்க் சாகும் சத்தம். இன்னும் இரண்டு நாள் தாங்கினால் பெரிய விஷயம். பழைய டிஸ்க்கை அப்படியே புது டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம், ஒரு எழுத்துகூடக் குறையாது என்று வாக்குக் கொடுத்தேன். அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜாக்கிரதையா பண்ணுங்க தம்பி. எனக்கு மிச்சம் இருக்கறது அதுதான்."

அவர் கீழே போனதும் வேலையை ஆரம்பித்தேன். மேசையில் இடம் வேண்டுமென்று ஸ்பீக்கரைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டேன். பழைய டிஸ்க்கும் நான் கொண்டுபோன புது டிஸ்க்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. பெட்டிக்குள் இரண்டையும் மாட்டினால் திரையில் முதல் டிஸ்க், இரண்டாம் டிஸ்க் என்றுதான் காட்டும். எதிலிருந்து எதற்கு என்று நாம்தான் சொல்ல வேண்டும். திசையை மாற்றிச் சொன்னால், காலி டிஸ்க்கின் வெறுமை நிறைந்த டிஸ்க்கின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் ஆண்டவனாலும் மீட்க முடியாது.

புது டிஸ்க் முதலில் தென்படவே இல்லை. அதனால் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிச் செருகினேன். அப்போது தென்பட்டது. வயரை மாற்றினால் திரையில் வரிசையும் மாறிவிடும், முதலாவது இரண்டாவதாகிவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. தொழிலுக்கு வந்த முதல் வாரமே தெரிந்துகொள்கிற சங்கதி. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் நம்பரை ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

பார்க்கப் போன நேரத்தில்தான் அந்த வாடை வந்தது.

தைலம். காய்ச்சல்காரர்களின் நெற்றியில் தேய்ப்பார்களே, அது. மூடி திறந்து மூக்கருகில் நீட்டியது போல வந்தது. கட்டிலைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன். திரை அசையவில்லை. அம்மாள் கீழே தைக்கும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

நம்பரைப் பார்க்க மறந்துபோனேன். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு என்று குறித்துவிட்டேன். இரண்டாவதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று திரை கேட்டது. கீழே 'சரி' என்று ஒரு பட்டன், 'வேண்டாம்' என்று ஒரு பட்டன்.

மவுஸை 'சரி' மேல் கொண்டுபோனேன். அம்புக்குறி வழுக்கிக்கொண்டு 'வேண்டாம்' மேல் போய் நின்றது.

மவுஸில் அழுக்கு என்று நினைத்தேன். திருப்பி ஊதினேன், அடியில் வெள்ளைத்தாள் வைத்தேன், வேறு துளையில் செருகினேன். மறுபடியும் வழுக்கியது. என் பையிலிருந்த மவுஸை எடுத்து மாட்டினேன். அதுவும் அப்படியே. நான் இழுக்க, அது எதிர்ப்பக்கம் இழுத்தது. மெதுவாக, ஆனால் விடாமல் இழுத்தது.

மவுஸைப் பிடுங்கினேன். வயர் என் கையில் தொங்கியது.

அம்புக்குறி நகர்ந்தது.

'வேண்டாம்' என்ற எழுத்தின் மேல் இடமும் வலமும் போய்வந்துகொண்டே இருந்தது.

வைரஸ் என்று சொல்லிக்கொண்டேன். வைரஸ் இருக்க வழியில்லை, பழைய டிஸ்க்கில் இருந்து அல்ல, என் பென்டிரைவில் இருந்துதான் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் எனக்குத் தெரியும். கீழே தைக்கும் சத்தம் நின்றது. தைல வாடை நெஞ்சை அடைத்தது. அப்போது, கட்டிலில் கிடந்த ஸ்பீக்கரிலிருந்து, எதனோடும் இணைப்பில்லாத அந்த ஸ்பீக்கரிலிருந்து, ஒரு மூச்சு கேட்டது.

பிறகு குரல்.

"அண்ணா... வேண்டாம்."

கொஞ்சம் மூக்கடைத்த குரல்.

"அதுல நான் இருக்கேன்."

நின்று கேட்டிருக்க வேண்டும். யோசித்திருக்க வேண்டும். நான் கேட்கவில்லை, பயந்தேன். சீக்கிரம் முடித்துவிட்டு ஓட வேண்டும் என்பது ஒன்றுதான் மண்டையில் இருந்தது. கீபோர்டில் 'சரி'க்கு நகர்த்தி, என்டரை ஓங்கிக் குத்தினேன்.

வாடை நின்றது. அம்புக்குறி நின்றது. திரையில் ஒரு நீலக்கோடு நகர ஆரம்பித்தது. ஒன்றரை மணி நேரமாகும் என்று காட்டியது.

நான் படிகளில் தடதடவென்று இறங்கிக் கீழே வந்து உட்கார்ந்தேன். அம்மாள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீ கொண்டுவந்து கொடுத்தார். அவர் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஒண்ணு போட்டீங்களே தம்பி, அது எது? எனக்கு வார்த்தை புரியல, குரல் மட்டும் கேட்டுச்சு. நாப்பத்தொண்ணுல அது இல்லையே."

கோப்பையைக் கீழே வைத்தேன். வேலை முடியட்டும் என்று மட்டும் சொன்னேன். அந்த ஒன்றரை மணி நேரமும் அவர் மகளைப் பற்றியே பேசினார். எனக்கே தெரியாத பதிவு ஒன்று உள்ளே எங்கோ இருந்திருக்கிறது, நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று இரண்டு தரம் சொன்னார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மேலே நீலக்கோடு நகர்ந்துகொண்டிருந்தது.

நேரமானதும் இருவரும் ஏறினோம். கோடு நிறைந்திருந்தது. புது டிஸ்க்கைத் திறந்தேன். காலி. பழைய டிஸ்க்கைத் திறந்தேன்.

காலி.

மாற்றிச் செருகிய வயர்கள் அப்போதுதான் என் கண்ணில் பட்டன. அவள் எதற்காக வேண்டாம் என்றாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவள் என்னைப் பயமுறுத்த வரவில்லை. தடுக்க வந்திருக்கிறாள்.

அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

"அந்தப் புதுப் பதிவ மொதல்ல போடுங்க தம்பி."

எங்கள் தொழிலில் இதற்கென்றே ஒரு வாசகம் தயாராக இருக்கும். டிஸ்க் ஏற்கெனவே போயிருந்தது, நம் கையில் எதுவும் இல்லை என்பதுதான் அது. வாய் கூசாமல் அதைச் சொன்னேன். அம்மாள் கோபப்படவில்லை, சந்தேகப்படவும் இல்லை. குழந்தைக்குப் புரியவைப்பது போல நிதானமாகக் கேட்டார்.

"அப்ப நான் கேட்டது எங்கேருந்து வந்துச்சு?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டிஸ்க் போகவில்லை, நான்தான் மாற்றிப் போட்டு அழித்தேன் என்று சொன்னேன். அவள் தடுத்ததையும், நான் பயந்ததையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தேன். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் எழுந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். ஸ்பீக்கரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா அதே நாப்பத்தொண்ணுதான் தம்பி. நான் என்ன கேட்டாலும் அவ எலும்பைத்தான் எண்ணுவா. புதுசா ஒரு வார்த்தை பேசினதில்ல." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இன்னைக்குப் பேசியிருக்கா. என்ன சொன்னா?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"அப்படி இல்ல. அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

மறுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கண்ணை மூடி, அந்த மூச்சை நினைவுபடுத்திக்கொண்டு, இடையில் விட்ட இடைவெளியையும் விட்டுச் சொன்னேன். அண்ணா, வேண்டாம். அதுல நான் இருக்கேன். என் காதுக்கு என்னுடைய கரகரத்த குரல்தான் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது அம்மாள் என் முன்னால் நின்றிருந்தார். கன்னமெல்லாம் கண்ணீர், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் என்றார். சொன்னேன். இன்னொரு தரம். மூன்றாவது முறை சொன்னபோது என் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"சரிடி கண்ணு. எங்கயும் போயிடாத."

பெற்றவளின் மனம் பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். கூலி கேட்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. மாடி ஜன்னலிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று மட்டும் தோன்றியது.

சந்தில் இன்னும் வெயில் இருந்தது. பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எனக்கு வழிவிட்டார்கள். சந்து முனையில் நின்று மூச்சு வாங்கினேன். யாராவது தெரிந்த மனிதரோடு பேசினால் தேவலை போலிருந்தது. கடைக்குப் போன் செய்தேன். மச்சான் எடுத்தான்.

"நான்தான்டா. வேலை முடிஞ்சுது, வந்துட்டு இருக்கேன்."

போனைக் காதிலிருந்து எடுத்து ஸ்கிரீனில் பெயரைப் பார்க்கிறான் என்று தெரிந்தது.

"டேய், நான்தான்."

வாடிக்கையாளர்களிடம் பேசும் மரியாதைக் குரலில், கொஞ்சம் தயங்கி, அவன் கேட்டான்.

"யாரும்மா பேசறது? இது எங்க மாமா போன் ஆச்சே. அவர் பக்கத்துல இருந்தா குடும்மா."