மடக்கைப் புத்தகத்தில் படிந்த அழுக்கு

"மணி ரெண்டாச்சுங்க. அஞ்சு மணிக்குள்ள புத்தகம் வரலைன்னா போலீசுக்குப் போயிடுவேன்னுட்டாருங்க," என்றபடியே படியேறி வந்தாள் அமுதவல்லி. உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஜெயபிரியாவின் ஜெராக்ஸ் கடை. அதன் மாடியில் மாதவராஜ், நில அளவைத் துறையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். வரப்புத் தகராறு முதல் காணாமல் போன பத்திரம் வரை எல்லாம் அவரிடம் வரும். வழக்கு வந்தால் ஜெயபிரியா கடையைப் போட்டது போட்டபடி மேலே ஓடிவந்துவிடுவாள். இன்றும் வந்துவிட்டாள்.

அமுதவல்லி பாப்பாரப்பட்டியில் புத்தகம் பைண்டிங் செய்பவள்.

"பாப்பிரெட்டிப்பட்டி நவநீதன் சார் வூட்டுப் புத்தகங்க. நூத்தி எழுவது வருசத்துக்கு முந்தி கப்பல்ல கணக்குப் போட்ட லாக் டேபிளாம், மடக்கைப் புத்தகம்பாங்களே, அது. அட்டை உள்பக்கம் கப்பல்காரர் கையெழுத்து இருக்கும். முதுகு பிரிஞ்சிருந்துச்சு. தைச்சு ஒட்டிக் குடுத்து ஒரு மாசமாச்சுங்க. பெங்களூரு ஏலக் கம்பெனில பாத்துட்டு, அட்டைதான் அசல், உள்ள இருக்கறது வேறன்னு திருப்பிட்டாங்க. அட்டைய மாத்தறது பைண்டராலதான் முடியும்னு, எம் பேரச் சொல்லியே அவங்ககிட்ட திருடின்னுட்டாருங்க. எனக்கு வேல குடுக்கற காலேஜுங்க காதுக்குப் போனா அதோட முடிஞ்சுதுங்க."

"தைக்கும்போது தாளெல்லாம் எப்படி இருந்ததம்மா?" என்றார் மாதவராஜ்.

"முன்னால கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கறுத்துக் கெடந்துச்சுங்க. பின்னால போகப் போக வெள்ள வெளேர்னு. பாதியிலயே படிப்ப நிறுத்திட்டாரு போலன்னு சிரிச்சேன்."

மாதவராஜ் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து எதையோ எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"நகமெல்லாம் என்னக்கா நீலமா இருக்கு? மையா?" என்றாள் ஜெயபிரியா, கண்டுபிடித்துவிட்ட மிதப்பில்.

"மயில்துத்தங்க. பசையில போட்டுத்தான் காய்ச்சுவேன். இல்லன்னா கரப்பான் தின்னுடும்."

பஸ் ஊர் ஊராக நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அமுதவல்லி கைப்பேசியில் மணி பார்த்தாள். மூன்று பேரும் பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கும்போது நான்கு இருபது.

நவநீதன் புளி மண்டியில் சம்பாதித்தவர். சமுத்திரத்தை நேரில் பார்த்தது இரண்டே முறை. கப்பல் கணக்குப் புத்தகங்கள் மட்டும் நூற்றுக்கு மேல் வைத்திருந்தார். எல்லாம் கண்ணாடி அலமாரியில், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள். புத்தகத்தை ஏலத்துக்குக் கொண்டுபோன தரகர் சந்திரனும் அங்கே காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போன திங்கக்கிழமை சாயங்காலம் வாங்கினேன், செவ்வாய்க்கிழமை காலைல பெங்களூருல குடுத்துட்டேன். எனக்கொண்ணும் தெரியாதுங்க," என்றார் கேட்பதற்கு முன்பே.

மாதவராஜ் மேசைமேல் இருந்த புத்தகத்தின் முதுகை விரித்து ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"வெறும் மைதாப் பசை. துத்தம் இல்லை, கரப்பான் அரித்திருக்கிறது. ஆகவே இது அமுதவல்லி ஒட்டியது அல்ல. அரித்த இடத்தில் தூசியும் படிந்திருக்கிறது. ஒரே ராத்திரியில் பசை காய்ந்து, பூச்சி அரித்து, தூசியும் படியாது. ஆகவே சந்திரனும் அல்ல. மிச்சமிருக்கும் நாளெல்லாம் புத்தகம் இருந்தது இந்த வீட்டில்தான்."

"எம் புத்தகத்த நானே எதுக்குங்க மாத்தணும்?" நவநீதனின் குரல் உயர்ந்தது.

மாதவராஜ் பையிலிருந்து தம்முடைய பழைய லாக் டேபிளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அவருடையதன் விளிம்பு முன்னால் கறுப்பு. பின்னால் போகப் போக வெளுப்பு.

"அளந்து வருகிற எண்களில் ஒன்று, இரண்டில் தொடங்குபவைதான் அதிகம். ஒன்பதில் தொடங்குபவை குறைவு. நிலம் அளந்தாலும் கடல் அளந்தாலும், ஒன்றில் தொடங்கி ஒன்பது வரை வரிசையாகப் போகும் இந்த அட்டவணையில் முன்பக்கம்தான் அழுக்காகும். உங்கள் பிரதியில் முதல் தாள் முதல் கடைசித் தாள் வரை ஒரே நிறம். வேறொரு பிரதியின் தாள்களைப் பழசாகக் காட்ட டீத்தண்ணீரில் சீராக நனைத்திருக்கிறீர்கள். அசலை உள்ளே பார்த்தவர் யாரும் அப்படிச் செய்யமாட்டார்."

ஜெயபிரியா அதற்குள் அலமாரியைத் திறந்துவிட்டாள். நவநீதன் எழுந்து, அவளைத் தடுக்காமல், மேல்தட்டிலிருந்து அட்டையில்லாத ஒரு தாள்கட்டை எடுத்தார். அதற்கும் பிளாஸ்டிக் உறை. முதுகில் மெல்லிய நீலம் தெரிந்தது.

"ஏலப் பட்டியல்ல எம் பேரு வரணும்னு ஆசைங்க. ஆனா குடுக்க மனசு வரலைங்க," என்றார். "உசிரா வச்சிருந்தேன்."

"உயிராக வைத்திருந்தீர்கள், ஒருநாளும் பிரித்துப் பார்க்கவில்லை," என்றார் மாதவராஜ்.

மணி ஐந்தாகப் பத்து நிமிடம். அமுதவல்லி மேசையிலிருந்த நவநீதனின் கைப்பேசியை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் ஏலக் கம்பெனியைக் கூப்பிட்டார்.

"தப்பு என்னோடதுதாங்க. அந்த பைண்டர் பொம்பளை மேல..."

"பேருங்க," என்றாள் அமுதவல்லி. "திருடின்னு சொல்றப்ப பேரச் சொல்லித்தானே சொன்னீங்க?"

நவநீதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பாப்பாரப்பட்டி அமுதவல்லி திருடலைங்க," என்றார்.

அப்போதுதான் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.