மாப்பிள்ளையின் பிக்கப்

கட்டுக்கம்பியை அவன்தான் அறுத்துப் போட்டான். வியாழக்கிழமை ஒரு தரம், சனிக்கிழமை ஒரு தரம். அறுத்த துண்டுகளைப் பழைய டப்பா ஒன்றில் போட்டு, டப்பாவோடு கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பையில் கொட்டிவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பட்டறை லீவு, மழை வரப்போகிற மாதிரி வானம் மூடிக்கொண்டு தகரக் கூரைக்குக் கீழே அரையிருட்டாகக் கிடந்த நேரத்தில், பிக்கப்பின் பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால் கம்பி மறுபடியும் இருக்கிறது. சைலன்சர் பக்கமே போகாதபடி அவன் சுற்றுவழியாக வளைத்துப் போட்ட புது பிரேக் பைப்பை யாரோ பிடித்திழுத்து, பழைய இடத்துக்கே கொண்டுவந்து, சைலன்சர் பைப்புக்கு இரண்டு விரல் தள்ளி இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

மூன்று முறுக்கு. நுனி உள்பக்கமாக மடக்கியிருந்தது. அதுவும் இடது பக்கமாகப் போன முறுக்கு. அந்தத் தெருவில் இருக்கிற மெக்கானிக்குகள் எல்லாரும் வலது பக்கமாகத்தான் கம்பியை முறுக்குவார்கள். இடதுகைக்காரன் இவன் ஒருவன்தான்.

பட்டறைச் சாவி இரண்டும் இவன் சட்டைப் பையில்தான் இருந்தன. எவனாவது விளையாடுகிறான் என்று நினைத்துக்கொள்ளக்கூட வழியில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து மூன்றாம் தரமாக அறுத்தான். கம்பி சூடாக இருந்தது. இரண்டரை மாதமாக ஸ்டார்ட் பண்ணாத வண்டி.

அவனைக் கைராசி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். செத்த வண்டியும் இவன் கை பட்டால் எழுந்து ஓடும் என்று பேர். அந்தப் பேர்தான் அவனைக் கெடுத்தது. தங்கச்சி புருஷனின் பழைய பிக்கப்புக்குப் பெரிய என்ஜின் வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, மாப்பிள்ளை சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"ஏத்தத்துல நடந்து போறவங்க என்னைத் தாண்டிப் போறாங்க மச்சான். தாண்டிப் போனாக்கூடப் பரவால்ல, திரும்பிப் பாத்து டாட்டா காட்டுறாங்க. மானம் போகுது."

பின்பக்கம் நசுங்கி வந்த ஒரு வேனிலிருந்து என்ஜின் கிடைத்தது. நல்ல என்ஜின், ஆனால் பிக்கப்பின் வயிற்றுக்கு அது பெரிது. என்ஜினைத் தாங்கும் பழைய மவுண்டுகளை அறுத்து, புதிதாக வெல்டு வைத்து, ரேடியேட்டரை நாலு விரல் முன்னால் தள்ளி, உள்தகரத்தைச் சுத்தியலால் அடித்துக் குழிவாக்கி, செயின் பிளாக்கில் தொங்கிய என்ஜினை இஞ்ச் இஞ்சாக இறக்கினான். பக்கத்துப் பட்டறை வெல்டர் நாலு நாள் ஆகும் என்றான். இவன் மார்தட்டிக்கொண்டு இரண்டே நாள் என்றான். இரண்டாம் நாள் சாயங்காலம் என்ஜின் உறுமியது, வேடிக்கை பார்க்க வந்த பத்துப் பேரும் கை தட்டினார்கள். அப்போதுதான் கவனித்தான். சைலன்சர் பைப்பும் பிரேக் பைப்பும் கிட்டத்தட்ட உரசிக்கொண்டிருந்தன.

சைலன்சர் சூடு ஏறினால் பிரேக் பிடிக்காது; பிரேக் பைப்பைக் கழற்றி வேறு வழியாகக் கொண்டுபோக வேண்டும். அரைநாள் வேலை. "இன்னும் முடியல மாப்ளே, நாளைக்கு வாங்க" என்று ஒரு வார்த்தை. பத்துப் பேர் முன்னால் அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. ஒரு துண்டு ரப்பரைச் சுற்றி, கம்பியால் இழுத்துக் கட்டி, மூன்று முறுக்குப் போட்டான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

"எல்லாம் முடிஞ்சுதா மச்சான்?"

"முடிஞ்சுது மாப்ளே. கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்."

ஒன்பதாம் நாள், இறக்கத்தில், முழு லோடோடு, பிரேக் போய்விட்டது. வண்டியை இழுத்துவரப் போனவன் இவன்தான். மாப்பிள்ளையைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். எல்லாரும் அங்கே கூடி நிற்க, இவன் மட்டும் வண்டிக்கு அடியில் கையை விட்டு, தளர்ந்து தொங்கிய கம்பியை அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கை நடுங்கவேயில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் தன் கையைத் தானே பார்க்க அவனுக்குக் கூசுகிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி இவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், எப்படிண்ணே, எப்படி ஆச்சு என்று.

"பெரிய என்ஜின், நிதானமாப் போங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேம்மா. வேகம். என்ன பண்றது."

அவள் நம்பினாள். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. செத்துப்போனவர் மேல் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. என்னை நினைச்சுப் பாக்காம பறந்துருக்காரு பாருண்ணே என்று சொல்லிச் சொல்லி அழுதவள், ஒருநாள் அவர் போட்டோவைக் கழற்றி அலமாரிக்குள் குப்புற வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால், என் அண்ணன் பேச்சைக் கேட்டிருந்தா இருந்திருப்பாரு என்கிறாள். இவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு தலையை ஆட்டுவான். இப்போது இவன் தட்டிச் சரிபண்ணிய அதே பிக்கப்பை அவளே ஓட்டப்போகிறாள். திங்கட்கிழமை முதல் லோடு, அதே இறக்கம். வேறு பிழைப்பு இல்லை. அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வியாழக்கிழமையே முடிவு பண்ணினான். வெள்ளிக்கிழமை போன் பண்ணி, சாப்பிட்டியாம்மா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

பைப்பை மறுபடி சரியான வழியில் வளைத்து, நட்டுகளை இறுக்கி, பிரேக் ஆயில் ஊற்றினான். வெளியே மழை ஆரம்பித்தது. தகரத்தில் முதலில் ஒவ்வொரு சொட்டாகத் தெரிந்து, பிறகு மொத்தமாகக் கொட்ட, கதவிடுக்கு வழியாக ஈரமண் வாசனையும் அதற்கு அடியில், மெல்ல, எரிந்த ரப்பர் வாசனையும் உள்ளே வந்தன. மோந்து பார்த்தபடி நின்றான். ரப்பர் வாசனை வெளியிலிருந்து வரவில்லை.

வண்டிக்குள்ளே ஏதோ சத்தம் கேட்டது.

தொப்.

கனமான, எண்ணெய்ப்பிசுக்கான சத்தம். பெடல் தரை தட்டுகிற சத்தம். பிறகு ஸ்பிரிங் இழுத்து அது மேலே வருகிற கிரீச். மழையில் எதுவோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

தொப். கிரீச். தொப்.

பானெட்டுக்குள் இருந்த பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தான். உள்ளே ஆயில் இறங்கியது, ஏறியது. யாரோ நிதானமாக மிதித்துப் பார்க்கிறார்கள். முதல் தடவை பிடிக்கவில்லை என்றதும் இன்னொரு தடவை. அப்புறம் கொஞ்சம் வேகமாக. அப்புறம் வெறிபிடித்த மாதிரி, தொப் தொப் தொப் தொப் என்று, இறக்கத்தில் வண்டி கைமீறிப் போகிறபோது ஒரு மனுஷன் எப்படி மிதிப்பானோ அப்படி. ஸ்டியரிங்குக்குப் பின்னால் சீட் காலியாக இருந்தது.

"மாப்ளே," என்றான். "மாப்ளே, போதும். நான் சொல்லிடறேன். இன்னைக்கே சொல்லிடறேன்."

சத்தம் நின்றது.

கதவைத் தட்டும் ஓசை கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது. தங்கச்சி. குடையை மடக்கி உதறிக்கொண்டு உள்ளே வந்தவள் இவன் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி இருக்க? லீவு நாள்லகூட எனக்காக இப்படி உழைக்கணுமா? சாப்பிட்டியா இல்லையா?"

"ஒரு வேலைதான் பாக்கி," என்றான். வேறென்னவோதான் சொல்ல வாயெடுத்தான். "பிரேக்ல காத்து எடுக்கணும். ஓராள் மிதிக்கணும்."

"நான் மிதிக்கிறேன். அவருக்கு எத்தனை தரம் மிதிச்சுக் கொடுத்திருக்கேன்." அவரைப் பற்றிப் பேசியதில் அவளுக்கே கோபம் வந்து முகம் இறுகியது. ஏறி சீட்டில் உட்கார்ந்தாள்.

இது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஓராள் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொராள் அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற நிப்பிளைத் திறந்து, காற்றும் ஆயிலும் வெளியே வந்ததும் மூட வேண்டும். மூடினபிறகு மேலே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல்தான். அட்டையை விரித்து, கட்டை முட்டுக் கொடுத்த வண்டிக்கு அடியில் பின்சக்கரம் வரை நகர்ந்து போனான். மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியாததை இங்கிருந்து சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"மிதிம்மா."

"மிதிச்சுட்டேன்."

"பிடி." நிப்பிளைத் திறந்தான். குமிழி குமிழியாக ஆயில் வந்தது. மூடினான். "விடு."

கிரீச்.

மறுபடி. மிதி, பிடி, விடு. ஒவ்வொரு "விடு"வுக்குப் பிறகும் ஒரு வாக்கியம் தொண்டைவரை வந்து நின்றது. தப்பு என் மேலதான்மா. நான்தான்மா. அவரு வேகமாப் போகல. மென்று விழுங்கினான். மூன்றாம் தடவை, நாலாம் தடவை. தூ, நீயும் ஒரு அண்ணனா என்று தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டான். துப்பிக்கொண்டதும் "மிதிம்மா" என்றான்.

"ஏண்ணே," மேலே இருந்து அவள் குரல். "இந்தத் தடவை நல்லா பாத்துட்டல்ல? எல்லாம் முடிஞ்சுதுல்ல?"

இப்போது சொல்ல வேண்டும். இதைவிட நல்ல நேரம் வராது. எரிந்த ரப்பர் வாசனை அடியெல்லாம் நிறைந்துகொண்டு வந்தது.

"முடிஞ்சுதும்மா," என்றான். "கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்."

நிப்பிளைத் திறந்து மூடினான். "விடு."

சத்தமில்லை.

"விடும்மா."

மழை மட்டும்.

"காலை எடும்மா, பெடலை விடு."

"எப்பவோ எடுத்துட்டேன்ணே." அவள் குரல் சன்னமாக இருந்தது. "பெடல் மேல வரமாட்டேங்குது."

"காத்து அடைச்சிருக்கும்..."

"இல்லண்ணே."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவளுடையது. பிறகு இன்னொன்று, அதைவிடக் கனமாக.

"யாரோ மிதிச்சுக்கிட்டிருக்காங்க," என்றாள்.

இறங்கு, இறங்கி ஓடு என்று கத்தப் பார்த்தான். அதற்குள் மேலே சீட் அழுந்தியது. இன்னொருவர் உட்கார இடம் விட்டு அவள் நகர்ந்து உட்காருகிற மாதிரி ஸ்பிரிங் முனகியது. அப்புறம் அவள் பேசினாள். பயந்த குரல் இல்லை. ராத்திரி லேட்டாக வீட்டுக்கு வந்த புருஷனிடம் கேட்கிற குரல்.

"என்னங்க?"

அப்புறம் அவளே, யாரோ சொல்வதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி.

"ம்."

அவளோடு பேசுகிற குரல் இவனுக்குக் கேட்கவில்லை. மழைதான் கேட்டது. அதற்கு நடுவே அவள் மட்டும்.

"ம்... சொல்லுங்க."

"ம்."

"எந்தக் கம்பி?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். எவ்வளவு நேரமோ. ஒவ்வொரு "ம்"முக்கும் அவன் குறுகினான். தரையோடு தரையாகப் போய்விட மாட்டோமா என்று இருந்தது. கடைசி "ம்" அழுகையாக வந்தது.

கிரீச். பெடல் மேலே வந்தது.

கதவு திறந்தது.

கண்ணைத் திறந்தான். டிரைவர் பக்கம், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், தங்கச்சியின் ஈரச் செருப்புகள் தரையில் இறங்கின. ஓடவில்லை. அங்கேயே நின்றன.

அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு கால் இறங்கியது. வெறுங்கால். முட்டிக்குக் கீழே திரும்பியிருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பெருவிரலில் நகம் இல்லை. இந்தப் பட்டறையில்தான், கல்யாணமான புதிதில், கூடமாட உதவி செய்கிறேன் என்று வந்து கியர்பாக்ஸைக் காலில் போட்டுக்கொண்டு அந்த நகத்தைப் பறிகொடுத்து, அதற்கும் சிரித்தவர் மாப்பிள்ளை.

அடுத்த காலும் இறங்கியது.

நாலு பாதங்களும் அவன் பக்கமாகத் திரும்பின. யாரும் குனிந்து பார்க்கவில்லை. கூப்பிடவில்லை. அவனாக வெளியே வரட்டும் என்று நின்றன.