குமட்டாத நாள்

கண் விழித்தபோது குமட்டவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது.

இத்தனை வாரமாக அவள் படுத்தபடியே ஒரு உப்பு பிஸ்கட்டைக் கடித்து, அது வாயில் கரையும்வரை அசையாமல் கிடந்து, பிறகுதான் தலையைத் தூக்குவாள். நர்ஸ் சொல்லிக்கொடுத்த முறை. அப்படியும் பற்பசையின் வாசனை பட்டாலே குடல் புரண்டு வாய்க்கு வந்துவிடும். இன்று பற்பசை வெறும் பற்பசையாக மணந்தது.

"என்னடி, உள்ள இருக்கறவருக்கு இன்னைக்கு லீவா?" என்றான் கணவன்.

"விளையாடாதீங்க. மூணு மாசம்கூட முடியல, திடீர்னு நின்னா நல்லதுதானா?"

"வாந்தி வந்தாலும் அழுவ, வரலைன்னாலும் அழுவ. நாளைக்கு டாக்டரைப் பாத்துடலாம், விடு."

அவன் வேலைக்குப் போய்விட்டான். ஒருவேளை தான்தான் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று அவளுக்குச் சந்தேகம். எண்ணெய்ச் சட்டியை முகர்ந்தாள். ஊசிப்போன பாலை முகர்ந்தாள். கடைசியில் குப்பைக்கூடையின் மூடியைத் திறந்து, அழுகிய பழத்தோலும் ஈரக் காகிதமும் சேர்ந்து புளித்த அந்தக் காற்றுக்குள் முகத்தைக் கவிழ்த்து, மூச்சை ஆழ இழுத்தாள்.

'வாயேன். ஒரே ஒரு தடவை.'

வரவில்லை. வயிற்றுக்குள் யாருமே இல்லாததுபோல் அமைதி.

பொழுது சாய்ந்தது. விளக்குப் போடத் தோன்றாமல் அடுக்களையிலேயே நின்றாள். சுவர்கள் மெல்லச் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தபோது, குளியலறையிலிருந்து ஒரு ஓங்கரிப்பு கேட்டது. நீளமாக, வறட்சியாக, அடிவயிற்றிலிருந்து பிடுங்கி எடுப்பதுபோல. முடிவில் ஒரு சின்ன முனகல். "அம்மா..."

அது அவள் குரல்.

வாசற்கதவு திறந்தது. கணவன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகக் குளியலறைப் பக்கம் ஓடினான்.

"மெதுவா, மெதுவா. நான் வந்துட்டேன்டி."

"என்னங்க, நான் இங்க இருக்கேன்."

அவன் திரும்பவில்லை.

"என்னங்க!"

தாழ்ப்பாள் விலகியது. அவளுடைய நைட்டி. ஈரமான அவளுடைய முடி. அவன் தோளில் சாய்ந்து வெளியே வந்தது அது. இரண்டு கைகளாலும் வயிற்றைத் தாங்கியிருந்தது. நிறைமாத வயிறு.

அவன் மண்டியிட்டு அதில் காதை வைத்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏய், உதைக்குதுடி!"

அவள் தன் வயிற்றைத் தொட்டாள்.

கை எதிலும் படவில்லை. உள்ளே போய்க்கொண்டே இருந்தது.