காத்திருப்பது ஒன்று

மெயில் ஒருவருக்குத்தான் போயிருக்க வேண்டும். இரண்டு பேருக்குப் போயிருந்தது.

அவள் மறுபடி பார்த்தாள். முதல் முகவரி அவளுடையது. இரண்டாவது, அவளுக்கு முன்பு இதே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவருடையது. மூன்று வருடத்துக்கு முன்பு வேலையை விட்டுப் போனவர். வேறு எங்கோ நல்ல இடத்தில், பெண்டாட்டி பிள்ளைகளோடு சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி. அவர் முகவரியை அவள் எங்கேயும் எழுதவில்லை.

அந்தக் கண் மருத்துவமனையில் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் ஒரே ஆள் அவள். பெரிய டாக்டர் முதல் தரை துடைக்கிற பெண் வரை எல்லோருக்கும் ‘கம்ப்யூட்டரம்மா’. போன மாதம், கண்ணில் சொட்டு மருந்தோடு நாற்பது பேர் வரிசையில் இருந்த நேரத்தில் சர்வர் மூச்சை நிறுத்திக்கொண்டது. ஆறு மாதமாக அப்டேட்டே போடவில்லை என்று தெரிந்ததும் டாக்டர் நாலு பேர் முன்னால் அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். அதனால்தான் விடுமுறை நாளும் அதுவுமாக வந்திருந்தாள். அப்டேட் ஏதாவது காத்திருந்தால், அந்த எண்ணிக்கை மாறும்போதெல்லாம் தனக்கு மெயில் வரும்படி செய்தாள். ஒவ்வொன்றுக்கும் ‘போடலாமா’ என்று கேட்டு உயிரை எடுக்காமலிருக்க, எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே சம்மதமும் எழுதி வைத்தாள்.

சர்வர் இருந்த அறை ஒரு காலத்தில் எக்ஸ்ரே எடுத்த அறை. சுவரெல்லாம் ஈயத் தகடு. கனத்த கதவைச் சாத்தினால் காது அடைத்துக்கொள்ளும், செல்போன் செத்துவிடும், மேஜைமேல் இருக்கிற பழைய போன் ஒன்றுதான் வெளியுலகத்துக்கு வழி. சூடேறிய தூசியின் வாடையும், எந்தக் காலத்திலோ கொட்டிக் காய்ந்த மருந்தின் புளித்த நெடியும் கலந்து கிடக்க, இயந்திரத்தின் விசிறிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன.

பதினைந்து அப்டேட்டுகள் காத்திருந்தன. பதினான்கு ஏறிவிட்டன. அடுத்த மெயில் வந்தது.

‘காத்திருப்பது: 1.’

அப்டேட்டின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதுவும் இரண்டு பேருக்குப் போயிருந்தது.

மேஜைமேல் இருந்த போன் அடித்தது.

“மெயில் வந்துச்சும்மா,” என்றது ஓர் ஆண் குரல், எடுத்த எடுப்பில். “நான்தான் இந்த மெயிலை நிறுத்தி வச்சிருந்தேனே. எதுக்கும்மா திரும்பப் போட்டீங்க?”

யாரென்று புரிய ஒரு நொடி ஆயிற்று. “சார், நீங்களா? நல்ல இடத்துல இருக்கீங்களாமே. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியமாத்தான் இருப்பாங்க. ஆனா அங்க இருக்கிறது நான் இல்லம்மா.”

வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை. லாரிகள் போகிற சத்தமும் காற்றும்தான் கேட்டன.

“இப்ப எத்தனை காட்டுது?”

“ஒண்ணு. பேரு இல்லாம.”

“அதுக்குச் சம்மதம் மட்டும் குடுத்துறாதீங்க. கேக்கும். வேணாம்னு அடிச்சிட்டு உடனே வெளிய வந்துருங்க.”

அவள் திரையைப் பார்த்தாள். அது எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. இயந்திரம் அணைந்து மறுபடி தொடங்கப்போவதாக ஒரு வரி மட்டும் ஓடியது.

“சார்... நான் எல்லாத்துக்கும் சேத்து முன்னாடியே...”

“ஐயோ. அப்ப வீட்டுக்குப் போகாதீங்க. போய்ப் பாக்காதீங்கம்மா. தாங்காது.”

போன் செத்தது. விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பச்சை விளக்குகள் அணைந்தன. கும்மிருட்டு.

அப்படியொரு அமைதியை அவள் கேட்டதே இல்லை. தன் மூச்சு. தன் நெஞ்சு அடித்துக்கொள்வது. பிறகு, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மெத்தை, ஆள் எழுந்துகொண்டால் உப்புமே, அப்படி மெல்ல உப்பியது.

அவள் எழவில்லை.

இருட்டில் செருப்புச் சத்தம். அவள் நடக்கிற மாதிரியே, இடது காலை லேசாகத் தேய்த்து. கதவு திறந்தது. சாத்திக்கொண்டது.

விளக்குகள் வந்தபோது ஆணியில் மாட்டியிருந்த கைப்பை இல்லை. திரையில் புது மெயில்.

‘காத்திருப்பது: 0.’

மெயிலில் இருந்த நேரத்தைப் பார்த்தாள். முந்தின மெயில் வந்து இரண்டு மணி நேரம் போயிருந்தது. மேஜைமேல் இருந்த போனுக்கு மறுபடி உயிர் வந்திருந்தது; வீட்டுக்குப் போட்டாள். கணவன் எடுத்தான்.

“நான்தாங்க.”

“யாரு?”

“விளையாடாதீங்க. நான்தான். பாப்பா எங்க?”

அவன் போனிலிருந்து வாயை விலக்கிக்கொண்டு யாரிடமோ சொன்னான்: “இங்க பாரேன், யாரோ உன் குரல்லயே பேசுறாங்க.”

பக்கத்தில் ஒரு சிரிப்பு. அவளுடைய சிரிப்பு.

“தப்பான நம்பரா இருக்கும். வச்சிடுங்க.”

ஓடினாள். மூன்று தெரு. உச்சி வெயில். எதிரே வந்த பக்கத்து வீட்டு அக்கா, இவள் கூப்பிடக் கூப்பிட, நின்றுகூடப் பார்க்காமல் போனாள். வீட்டுக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினாள். கை வலிக்கத் தட்டினாள். சத்தமே எழவில்லை.

ஜன்னல் பக்கம் போனாள்.

உள்ளே மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒருத்தி, அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். இவள் கட்டியிருக்கிற அதே புடவை. அதே விரல்கள். மகள் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

“பாப்பா!” என்று கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

மகள் திரும்பவில்லை. அந்த ஒருத்தி மட்டும் நிமிர்ந்தாள். எழுந்தாள். இடது காலை லேசாகத் தேய்த்தபடி ஜன்னலருகே வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முகத்துக்கு முகம் நின்றாள். இவள் கண்ணை நேராகப் பார்த்தாள். பிறகு, நிலைக்கண்ணாடி முன்னால் நிற்கிறவளைப் போல, வலது கையைத் தூக்கி நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள்.

வெளியே, இவள் கையும் எழுந்து முடியை ஒதுக்கியது.

இவள் அதைத் தூக்கவில்லை.