சரிக்கட்டும் காலம்

வந்து மோதியது அவன்தான். "கண்ணு தெரியலையா?" என்று கேட்டதும் அவன்தான்!

நூலக வாசலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்த தாள்கள் படியெல்லாம் சிதறி நனைந்தன.

"எனக்கு நல்லாவே தெரியுது. நீங்கதான் மாடு மாதிரி வந்தீங்க..."

அவன் குனிந்து பொறுக்கினான். "சார்புநிலைக் கோட்பாடா? பணக்கார நாடு கொழுக்கும், ஏழை நாடு இளைக்கும்... அந்தக் கட்சியா நீங்க?"

"ஆமா. நீங்க?"

"திறந்த சந்தைக் கட்சி. எல்லா நாடும் கதவைத் திறந்து விட்டா எல்லாருக்கும் லாபம்."

"எல்லாருக்குமா?"

நிமிர்ந்தான். இமையில் தொங்கிய மழைத்துளிக்குப் பின்னால் அந்தக் கண்கள் சிரித்தன. அவளுக்கு வந்த கோபம் எங்கே போயிற்றோ...

அவள் முதுகலை மாணவி. அவன் அதே சர்வதேச அரசியல் பொருளாதாரத் துறையில் ஆய்வு மாணவன். அதன்பிறகு தினமும் மாலையில் வாசிப்பறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். படிப்பு பாதி, சண்டை மீதி. ஒரு வல்லரசு காவல் நின்றால்தான் உலகச் சந்தை தடம் மாறாமல் நடக்கும் என்ற மேலாதிக்கக் கோட்பாடு அவளுக்குப் பிடிபடவே இல்லை. அவளுடைய நோட்டில் படம் போட்டு, 'ஒழுங்கு' என்று கீழே எழுதினான்.

அவள் படத்தைப் பார்க்கவில்லை. எழுத்தைப் பார்த்தாள். வால் நீண்ட அந்த 'ழ'...

போன பருவத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். அப்பா பத்தொன்பது வருஷம் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றிய மின்விசிறி ஆலை, கூலி குறைந்த வேறொரு நாட்டுக்குப் போனதைப் பற்றி. பாடத்தில் அதற்குப் பெயர் 'சரிக்கட்டும் காலம்'. வேலை போனவர்கள் கொஞ்ச நாளில் வேறு வேலைக்கு மாறிக்கொள்வார்களாம். அப்பா மாறவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். அந்தக் கட்டுரையின் ஓரத்தில் யாரோ சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: 'இது அழுகை. வாதம் அல்ல.'

அதே 'ழ'.

"நீங்கதானா திருத்தினது?"

அவன் முகம் வெளுத்தது. "பேராசிரியர் குடுத்த கட்டு... பேர் போடாத தாள். உங்களோடதுன்னு தெரியாது..."

"தெரிஞ்சிருந்தா மாத்தி எழுதியிருப்பீங்களா?"

நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

பன்னிரண்டு நாள் வேறு மாடியில் உட்கார்ந்தாள். இரண்டு முறை அவன் படிக்கட்டு வரை வந்து திரும்பிப் போனான். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பான்... பாழாய்ப்போன ரோஷம், கூப்பிட விடவில்லை.

பதின்மூன்றாம் நாள் அம்மா போன் செய்தாள்.

"அப்பாவுக்குப் பக்கவாதம்டி. ஒரு பக்கம் விழுந்துபோச்சு. இனிமே எழுந்து நடக்கமாட்டார்னு டாக்டர் கைய விரிச்சுட்டார். நான் வேலைக்குப் போயிட்டா யார் பாத்துக்கறது? நீ வந்துடும்மா..."

படிப்பை நிறுத்துவதாகத் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, மதியமே பஸ் நிலையத்துக்கு வந்தாள். பெட்டியை ஏற்றும்போது பின்னால் ஓடிவரும் சத்தம். மழையில் தலையிலிருந்து கால்வரை நனைந்து அவன் நின்றான்.

"ஆபீஸ்ல சொன்னாங்க..." அவனுக்கு மூச்சு வாங்கியது. "அந்த வரி தப்பு. எழுதும்போதே தெரியும். உங்க கட்டுரைக்கு என்கிட்ட பதில் இல்ல... அந்தக் கோபத்துல கிறுக்கிட்டேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. போகாதீங்கன்னு சொல்லத்தான் வாய் வரல."

எத்தனை மாலை இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள்... இப்போதா வரவேண்டும்?

"காத்திருக்கேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். "நான் திரும்பி வரமாட்டேன். அப்பா இருக்கிறவரைக்கும் வரமுடியாது. அவர் இருக்கணும்."

டிரைவர் ஹாரன் அடித்தார். படியேறியவள் திரும்பினாள். சிரிப்பு வற்றிப்போன அந்தக் கண்களைப் பார்த்தாள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு... ரொம்ப. தெரிஞ்சுக்கோங்க, அவ்வளவுதான்."

கதவு மூடிக்கொண்டது. வெளியே அவன் ஏதோ சொன்னான். இன்ஜின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.