பன்னிரண்டாவது புள்ளி

பருத்தித்துறைக் கடற்கரை வீதியில் மழை திடீரென்று இறங்கியது. ஆரபி கண்ணில் பட்ட முதல் கதவுக்குள் ஓடினாள். அது மீனவர் சங்க அலுவலகம்.

“நனைஞ்ச காலோடை உள்ளை வராதேங்கோ. கீழை வயர் கிடக்கு.”

சொன்னவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மழையை நான் கூட்டிக்கொண்டு வரேல்லை,” என்றாள் அவள்.

அப்போதுதான் திரும்பினான். கருக்கட்டிய வானத்தின் ஆழம் அந்தக் கண்களில்... ஆரபி காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

அவன் எமில்ராஜ். கடலில் நிற்கும் படகுகளின் கருவிகள் அனுப்பும் செய்திகளை அங்கிருந்த சேர்வரில் கவனிப்பது அவன் வேலை. பன்னிரண்டு படகு, திரையில் பன்னிரண்டு புள்ளி. ஓரத்தில் ஒரு சிவப்பு எச்சரிக்கை: டிஸ்க் தொண்ணூற்றொன்பது வீதம் நிரம்பிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் யுனிக்ஸ் சேர்வர்களோடு மாரடிக்கும் ஆரபிக்கு அது பழகிய நோய்.

“மத்தியானத்துக்குள்ளை நிரம்பிடும். பிறகு ஒரு செய்தியும் பதியாது. வேறை டிஸ்க் இருக்கோ?”

“புதுசு ஒண்டு சேர்வரிலை பூட்டிக் கிடக்கு. மாத்தத்தான் தெரியேல்லை.”

“செய்தியள் சேர்ற ‘வார்’ டைரக்டரியை அப்பிடியே அதுக்குக் கொண்டுபோகலாம். பத்து நிமிசம் எல்லாத்தையும் நிப்பாட்ட வேணும்.”

“கடல் கொந்தளிக்குது. என்ரை அப்பாவும் அங்கைதான். ஏலாது.”

“எனக்கு இதுதான் வேலை. நீங்கள் நிப்பாட்டாட்டி, அது தானா நிக்கும்.”

அவன் சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்தான். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தான்.

ஆரபி ஒவ்வொரு ஃபைலையும் அதன் உரிமையாளர், அனுமதி மாறாமல் புது டிஸ்க்குக்கு நகலெடுத்தாள். பழைய டைரக்டரிக்கு வேறு பெயர் வைத்தாள். புது டிஸ்க்கை ‘வார்’ என்ற அதே பெயரில் பொருத்தினாள். வீடு மாறியது இயந்திரத்துக்கே தெரியாது... எத்தனை தடவை செய்தும் அவளுக்கு அந்த வியப்புத் தீரவில்லை.

பின்னால் எமில்ராஜ் வயர்லெஸ்ஸில் ஒவ்வொரு படகாகக் கூப்பிட்டு, நின்ற இடத்தைத் தாளில் எழுதினான். பதினொன்று பதில் சொன்னது. அவன் அப்பா நீக்கிலாப்பிள்ளையின் படகு மட்டும் பேசவில்லை.

சேர்வர் எழும்பியது. கடைசி அரை மணிக்குள் செய்தி வந்த படகுகளை மட்டுமே காட்டும் திரையில் பதினொரு புள்ளிகள்.

“அப்பாவின்ரை எங்கை?” அவன் குரல் உயர்ந்தது. “நிப்பாட்ட வேண்டாமெண்டு சொன்னனான்தானே?”

ஆரபி ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களில் தேடினாள். முகம் வெளிறியது.

“பிழை என்ரை. செய்தி வாங்கிற புரோகிராமை நிப்பாட்ட மறந்திட்டன். நகலெடுக்கேக்கை வந்தது பழைய இடத்திலை விழுந்திருக்கும். பழசை நான் அழிக்கேல்லை... பொறுங்கோ.”

அங்கே இருந்தது. பத்து நாற்பத்தொன்றுக்கு வந்த ஒற்றைச் செய்தி: எஞ்சின் நின்றுவிட்டது, உதவி வேண்டும். கூடவே நின்ற இடம்.

அதைப் புதிய இடத்தில் சேர்த்தாள். கறுத்த கடலின் நடுவே பன்னிரண்டாவது புள்ளி மெல்ல எரிந்தது. அந்தப் பெருங்கடலில் ஒரு மனிதன் நிற்கும் இடம், இவ்வளவு சிறிய வெளிச்சமாய்...

எமில்ராஜ் பக்கத்துப் படகைக் கூப்பிட்டு அங்கே அனுப்பினான். இரண்டு மணிக்கு நீக்கிலாப்பிள்ளை கரையேறினார். அவன் கரையிலிருந்து திரும்பி வந்தபோது ஆரபி இல்லை. வெட்கத்தில் சொல்லாமலே போயிருந்தாள்.

மூன்று கிழமை அவனுடைய ரோசம் தாங்கியது. நாலாம் கிழமை, ஊர் முழுக்க விசாரித்து, யாழ்ப்பாணத்தில் அவள் வேலைசெய்யும் இடத்து வாசலில் வந்து நின்றான்.

“சேர்வர் திரும்ப நிரம்பிட்டுதோ?” என்றாள் அவள், நிலத்தைப் பார்த்தபடி.

“இல்லை. அண்டைக்குப் பிழை என்ரையெண்டு உடனை சொன்னியள். சத்தம் போட்டதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ... அதோடை, உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு.”

வீதியில் பஸ் ஒன்று இரைந்து போனது. அவள் நிமிர்ந்தாள்.

“எங்கடை வீட்டிலை சைவ சமயம், நீங்கள் கிறிஸ்தவர். அப்பா முதலிலை இல்லையெண்டுதான் சொல்லுவார்.”

“நீங்கள்?”

“நான் மனசுக்குள்ளை ஓமெண்டு சொல்லி மூண்டு கிழமையாச்சு,” என்றாள் ஆரபி. “நீங்கள்தான் கேக்க வரேல்லை.”